இரண்டாவது 'சல'

சென்னையில் மழை பிடித்துக்கொண்டால் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆயா போன் பண்ணும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் கேள்வி மழையைப் பற்றியது.

"மழ எப்டிடா பெய்யிது? சோன்னா, சடசடன்னா, நசநசன்னா?"

ஒருமுறை வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு, "ஆறு சென்டிமீட்டராம் ஆயா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டது: "அது இன்னா சத்தம் போடும்?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோதுதான் அந்த மூன்று சொற்களும் மூன்று அளவைகள் என்று புரிந்தது. 'சோ'வென்று பெய்தால் ஏரிக்கு வரத்து இருக்கும், வரப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். 'சடசட'வென்று பெய்தால் காற்றோடு வந்து போகிற மழை, காயப்போட்டதை அள்ளி உள்ளே போட்டால் போதும். 'நசநச'வென்று பிடித்தால்தான் வம்பு. ஏரிக்கும் ஆகாது, களத்துக்கும் ஆகாது, அறுத்துப் போட்ட நெல் முளைவிடும். சென்டிமீட்டர் மழை எவ்வளவு என்று சொல்லும். ஆயாவுக்கு வேண்டியது எப்படி என்பது.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சொற்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். சொல்லைப் பிரி, பாதிக்குப் பொருள் இருந்தால் அடுக்குத்தொடர், இல்லாவிட்டால் இரட்டைக்கிளவி. 'வா வா'வைப் பிரித்தால் 'வா' நிற்கும். 'சலசல'வைப் பிரித்தால் 'சல' நிற்காது. இரண்டு மதிப்பெண். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இதை விதியாகச் சொல்லிவிட்டார். நன்னூலாரும் பின்னால் அதையே வழிமொழிந்தார். 1998இல் இரட்டையர் கதையாக வந்த 'ஜீன்ஸ்' படத்தில் ஒரு பாட்டு இந்த இலக்கணத்தையே காதலுக்கு உவமையாக்கியபோது, தமிழ்நாட்டில் இலக்கணப் புத்தகம் திறக்காதவர்களுக்கும் இரட்டைக்கிளவி என்ற பெயர் தெரிந்துபோயிற்று.

விதி சரிதான். எனக்கு அது ஒரு கேள்வியை விட்டுவைத்தது. முதல் 'சல'வுக்குப் பொருளில்லை. இரண்டாவது 'சல'வுக்கும் பொருளில்லை. பொருளில்லாத இரண்டைப் பக்கத்தில் வைத்ததும் ஓர் ஓடை ஓடுகிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

*

பதிலுக்கு ஒற்றையாக வரும் ஒலிச்சொற்களைக் கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும். கதவு 'படார்' என்று சாத்திக்கொள்கிறது. அதே கதவு காற்றில் தாழ்ப்பாள் இல்லாமல் ஆடினால் 'படபட'வென்று அடித்துக்கொள்கிறது. மின்னல் 'பளீர்' என்கிறது, விளக்கித் துடைத்த பித்தளைக் குடம் 'பளபள'க்கிறது. சிரிப்பு 'குபீர்' என்று கிளம்பும், புகை 'குபுகுபு'வென்று வரும். 'மடக்'கென்று குடித்தால் ஒரு வாய். 'மடமட'வென்று குடித்தால் செம்பு காலி. கொலுசு 'கலீர்' என்றால் யாரோ வாசற்படி ஏறிவிட்டார்கள். வீடு 'கலகல'வென்று இருந்தால் அவர்கள் வந்து நாலு நாள் ஆகிறது.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததல்ல இது. ஆனாலும் எவ்வளவு கறாரான ஏற்பாடு. நடந்து முடிந்ததற்கு ஒற்றை, நடந்துகொண்டே இருப்பதற்கு இரட்டை. 'பளீர்' கண்ணைக் கூசவைத்துவிட்டுப் போய்விடும். 'பளபள' அங்கேயே இருக்கும். வினைச்சொல்லுக்குக் காலம் காட்ட இடைநிலை வைத்த மொழி, வெறும் ஓசைக்கும் ஒருவகைக் காலத்தை இப்படி வைத்திருக்கிறது. இரண்டு 'சல' என்பது இரண்டு எண்ணிக்கை அல்ல, முடிவில்லாத எண்ணிக்கையின் முதல் இரண்டு. மூன்றாவதைக் கேட்பவன் காது தானே போட்டுக்கொள்ளும்.

ஆயாவின் பட்டியலில் 'சோ' மட்டும் ஏன் தனியாக நின்றது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கொட்டுகிற மழையில் துளிக்கும் துளிக்கும் நடுவே இடைவெளி கேட்காது. இடைவெளி இல்லாததை இரட்டிக்க முடியாது. அதனால் 'சோ' தன் உயிரை நீட்டிக்கொண்டு ஒற்றையாகவே நிற்கிறது. சடசடக்கும் மழைக்கோ ஒவ்வொரு துளியும் தகரத்தில் தனியாக விழ வேண்டும், நடுவில் கடுகளவாவது அமைதி வேண்டும். இரட்டைக்கிளவியின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவைத்திருப்பது அந்த அமைதிதான்.

இவை எல்லாமே காதுக்குரியவையும் அல்ல. உரையாசிரியர்கள் இரட்டைக்கிளவியை இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 'சலசல' இசை. பிடிபட்டவன் 'திருதிரு'வென்று விழிக்கிறானே, விழிப்பதில் என்ன ஓசை? 'வழவழ', 'சொரசொர' விரலுக்கு. 'கமகம' மூக்குக்கு. 'பிசுபிசு' உள்ளங்கைக்கு. காதுக்கென்று கண்டுபிடித்த வழியை மற்ற புலன்களும் கடன் வாங்கிக்கொண்டன. தோலும் துடிப்புத் துடிப்பாகத்தான் உணர்கிறது என்பது மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

*

உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் நாடு. ஆறு வற்றிக்கிடக்கும், ஏரிதான் சோறு போடும். அந்த ஏரியின் ஓர் ஆண்டை ஒரே ஒரு மெய்யை மாற்றி மாற்றிச் சொல்லிவிடலாம்.

பங்குனி, சித்திரையில் ஏரிக்குள் காய்ந்த கோரை 'சரசர'க்கும். அதில் நடக்கும்போது எது காற்று, எது பாம்பு என்று தெரியாது. வெப்பச்சலன மழையின் முதல் துளிகள் பனையோலையில் 'சடசட'க்கும். மழைக்காலம் தொடங்கினால் ஏரித்தரை 'சதசத'வென்று ஆகும், மாடு இறங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மதகு திறந்தால் கால்வாயில் தண்ணீர் 'சலசல'க்கும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கோடி போனால் ஊரே கரைக்கு வந்து நின்று 'சளசள'வென்று பேசும்.

ர, ட, த, ல, ள. நாக்கு அண்ணத்தில் உரசினால் சருகு, மடங்கிச் சட்டென்று விலகினால் துளி, பல்லில் ஒட்டிப் பிரிந்தால் சேறு, நடுவில் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் காற்றை விட்டால் ஓடும் நீர். வாய்க்குள்ளேயே ஒரு சின்ன ஏரி இருப்பதுபோலத் தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தண்ணீரே 'சலசல' என்று சொல்லிக்கொடுத்ததாக நாம் நினைக்கிறோம். மலையாளத்தில் அதே ஓடை 'களகள' என்கிறது. கன்னடத்தில் 'ஜுளுஜுளு'. தெலுங்கில் ஆறு 'கலகல'வென்று பாயும். நமக்குக் கலகல என்றால் சிரிப்பும் வளையலும். காவிரி எல்லை தாண்டும்போது குரலை மாற்றிக்கொள்வதில்லை. கரையில் நிற்பவர்களின் ஒப்பந்தம்தான் மாறுகிறது.

ஆனால் இரட்டிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் மட்டும் மாறவில்லை. 1930களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர் எமனோ. பர்ரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961இல் வெளியிட்டவரும் அவரே. அவர் 1969இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். மொழிக்குடும்பம் வேறாக இருந்தாலும் ஒரே நிலப்பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த மக்கள் இந்தச் சொற்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது அவர் கண்டது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதுபோல. ஆகவே 'சலசல' இயற்கையின் எதிரொலி என்பதில் பாதிதான் உண்மை. மறுபாதி, ஓர் ஊர் கூடி ஒப்புக்கொண்ட முடிவு.

*

ஊர் கூடி ஒப்புக்கொள்வது என்றதும் உத்திரமேரூரில் எல்லோரும் காட்டும் இடம் ஒன்றுண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை வகுத்த குடவோலை விதிகள் அங்கே இருக்கின்றன. முப்பது குடும்புகள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். பதவி 360 நாள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பள்ளிப் புத்தகத்திலிருந்து பாராளுமன்றப் பேச்சு வரை மேற்கோள் காட்டப்பட்டுத் தேய்ந்துபோன கல்வெட்டு இது. தேர்தல் என்ற சொல்லோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் பிடித்தது கடைசியில் வரும் ஒரு சின்ன ஏற்பாடு.

பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண மேலே தூக்கிப் பிடிக்கிறார். உள்விவகாரம் ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறு குடத்தில் போட்டுக் கலைத்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருகிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே. பிறகு பெயரை வாசிக்கிறான். வேலை முடிந்ததா? இல்லை. அவன் வாசித்த அதே ஓலையை உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் எழுதப்படும்.

ஒரு பெயர். ஒருவன் சொன்னபோது அது வெறும் ஓசை, அவன் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் திரும்பச் சொன்னதும் அது உண்மை. முதல் குரல் அறிவிப்பு, இரண்டாவது குரல் சாட்சி. கல்வெட்டை எழுதியவர்கள் கிளவியாக்கத்தை நினைத்து இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் இரட்டைக்கிளவி பற்றிய என் பழைய கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இந்தச் சுவரில்தான் இருந்தது. இரண்டாவது 'சல' முதல் 'சல'வுக்குச் சாட்சி. தனியாக எதற்கும் பொருளில்லை. ஒன்று சொல்லி, இன்னொன்று ஆமாம் என்றதும் ஓடை ஓடத் தொடங்குகிறது.

இந்த வழக்கம் சபை மண்டபத்தோடு நின்றுவிடவில்லை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அடுத்த மரக்கால் விழும்வரை அந்தச் சொல்லையே இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார் அளப்பவர். கணக்குத் தவறாமல் இருக்க அவருக்கு அது நினைவூட்டல், பக்கத்தில் குந்தியிருப்பவருக்கு அது அத்தாட்சி. ஏரி மீனோ, கரைமேல் நிற்கும் புளியமரமோ ஏலம் போகும்போது தொகையை ஒருமுறை சொல்வதோடு விடுவதில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூன்றாவது தரம் விழும்வரை அது விலை. விழுந்துவிட்டால் தீர்ப்பு. விடியற்காலையில் வரும் குடுகுடுப்பைக்காரரும் நல்ல காலத்தை ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவதில்லை. அவர் கையிலிருக்கும் உடுக்கைக்கே அதன் ஓசைதான் பெயர். குழந்தையின் கிலுகிலுப்பையும் அப்படித்தான். காட்டுச் செடி ஒன்றுக்கும் அதே பெயர் உண்டு, முற்றிய காய்க்குள் விதை கிலுகிலுக்கும்.

மூன்று என்ற வரம்பையும் தொல்காப்பியர் தொட்டுக்காட்டியிருக்கிறார். இசை நிறைப்பதற்காக அடுக்கினால் நான்கு வரை போகலாம், விரைவுக்காக அடுக்கினால் மூன்றுதான் எல்லை. 'பாம்பு பாம்பு பாம்பு' என்று மூன்று முறை கத்தலாம். நான்காவது முறையும் நின்ற இடத்திலேயே கத்துகிறவனைப் பாம்பு கவனித்துக்கொள்ளும்.

*

சாட்சி என்று சொல்லும்போது, யாருக்குச் சாட்சி சொல்ல இடம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த உள்மண்டபத்தில் பெயரைத் திரும்ப வாசித்தவர்கள் நம்பிமார். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிரமதேயத்து ஆண்களின் சபை அது. வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் ஏரியில் சேறு அள்ளியவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. அவர்கள் ஊரின் ஓசையாக இருந்தார்கள், ஊரின் குரலாக இல்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. 'பறை' என்றால் தமிழில் கருவி மட்டுமல்ல, சொல் என்றும் பொருள். பறைதல் என்றால் பேசுதல். ஊருக்கெல்லாம் செய்தியை முதலில் சொன்னது அந்தத் தோல்தான். ஏரி மதகு திறப்பதையும், சாவையும், திருவிழாவையும் தெருமுனைக்குத் தெருமுனை திருப்பித் திருப்பிச் சொன்ன கைகளுக்குச் சபையில் ஒருமுறைகூடப் பேச வாய்க்கவில்லை. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022இல் தமிழக அரசு சொன்னபோது, ஒரு பழைய ஓசை போகிறதே என்று வருந்தியவர்களைப் பார்த்தேன். அந்த ஓசை யாருடைய தோளில் தொங்கியது என்று கேட்டுக்கொண்டால் அந்த வருத்தம் கொஞ்சம் தெளியும். திரும்பச் சொல்வது மரியாதையாவதும் அடிமைத்தனமாவதும், சொல்கிறவனுக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நம்பிமார் ஓலையைப் பார்த்து, இது அந்தப் பெயரில்லை என்று சொல்லியிருக்க முடியும். தண்டோரா போட்டவரால் முடியாது.

*

இன்றைய உத்திரமேரூர் ஒரு சட்டமன்றத் தொகுதி. தேர்தல் நாளில் செய்தித்தாள்கள் இரட்டைக்கிளவியில்தான் நடக்கின்றன. காலையில் 'விறுவிறுப்பான' வாக்குப்பதிவு, மதியம் ஒரு சாவடியில் 'சலசலப்பு', மாலையில் 'பரபரப்பு', மறுநாள் 'கிசுகிசு'. ஓசையாகப் பிறந்த சொல்லுக்குப் 'பு' விகுதி சேர்ந்ததும் ஓசை போய்விடுகிறது. 'சலசலப்பு' என்று படிக்கும்போது யாருக்கும் தண்ணீர் கேட்பதில்லை. கட்சிக்காரர்கள்தான் தெரிகிறார்கள். தினமும் அச்சாகி அச்சாகிச் சொல்லின் காது மந்தமாகிவிட்டது. திரும்பச் சொல்வதால் உயிர் வந்த சொற்கள், அளவுக்கு மீறித் திரும்பச் சொல்வதால் மரத்தும் போகின்றன.

ஆனால் வாக்குச்சாவடிக்குள் அந்தப் பழைய ஏற்பாடு வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. பொத்தானை அழுத்துகிறோம். இயந்திரம் நீளமாக ஒருமுறை கூவுகிறது. ஒற்றை ஓசை, 'படார்' மாதிரி, முடிந்துபோனது. வெறும் கூவலை நம்புவதற்கு ஆளில்லை. ஆகவே பக்கத்தில் ஒரு பெட்டி வந்தது. நாம் அழுத்திய சின்னமும் பெயரும் ஒரு தாள்சீட்டில் தெரிகின்றன, ஏழு விநாடி. பிறகு சீட்டு அறுந்து உள்ளே விழுகிறது. இயந்திரம் சொன்னதைத் தாள் திரும்பச் சொல்கிறது, அதை நாம் வாசிக்கிறோம். 921இல் நம்பிமார் செய்த வேலை. இப்போது அதைச் செய்ய நிலமோ வேதமோ வேண்டியதில்லை, பதினெட்டு வயது போதும். அன்றிருந்தால் மண்டபத்துக்குள் அனுமதிக்கப்பட்டிருக்காத ஆயாவுக்கும் அந்த ஏழு விநாடி உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் சின்னத்தை வாசிக்கும். "நான் குத்துனது வந்துச்சுடா, பாத்தேன்" என்று வெளியே வந்து சொல்லும். கேட்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லும்.

*

போன மழைக்காலத்திலும் போன் வந்தது. அதே கேள்வி. அடுக்குமாடி வீட்டில் கண்ணாடிச் சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மழை பெய்வது தெரிந்தது, கேட்கவில்லை. என்ன பதில் சொல்வது? 'சோ'வா, 'சடசட'வா? ஓசை இல்லாத மழைக்கு என்னிடம் சொல் இல்லை.

சன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினேன். சட்டைக்கை நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தபோது ஆயா அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தது.

"...நசநசன்னு புடிச்சிருக்குடா. விடாது இது. துணிய உள்ள எடுத்துப் போடு."

"அங்க எப்டி ஆயா?"

"இங்க இன்னா. ஒரு சத்தத்தையும் காணோம்."

ஏரி அந்த வருஷம் பாதிதான் நிரம்பியிருந்தது.